மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தவள்

மலைமுகட்டில் மாலை வெயில் மஞ்சள் பூசிக்கொண்டிருக்கும் இந்த மகத்தான வேளையில், பேச வந்தவர்கள் எல்லாரும் சீக்கிரம் பேசி முடிக்க வேண்டுமே என்ற கவலையைப் புன்னகைக்குள் மறைத்துக்கொண்டு தலைமையேற்று வீற்றிருக்கும் எங்கள் தலைமையாசிரியை சாந்தம்மாள் அவர்களே! முன்னிலை வகிப்பவரே, எங்கள் ஊருக்குச் சாலை கேட்டுக் கேட்டே செருப்புத் தேய்ந்தவரே, சாலை வந்த பிறகும் அதே செருப்பை விடாதவரே, ஊராட்சித் தலைவர் சின்னதம்பி அவர்களே! பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெருமைக்குரிய ரங்கசாமி ஐயா அவர்களே! அறிவூட்டிய ஆசிரியப் பெருமக்களே! சாமை அறுத்த களைப்பு ஆறுமுன்னே, தலையில் எண்ணெயும் கொண்டையில் பூவுமாகப் பிள்ளைகளின் ஆட்டம் பார்க்க ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி போதாமல் புளியமரத்து வேரிலே ஆசனம் போட்டிருக்கும் பெரியோர்களே! என் அருமைத் தம்பி தங்கைகளே! அதோ, கடைசியில் பந்தல் கயிற்றைப் பிடித்து ஊஞ்சலாடிக்கொண்டிருக்கும் கண்மணிகளே! கயிறு தாங்கும், கம்பு தாங்காது, தயவுசெய்து இறங்கிவிடுங்கள்!

அத்தனை பேருக்கும் என் அன்பான வணக்கம்.

என் பெயர் பூவிழி. பாஞ்சாலையின் மகள் என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். இதே பள்ளியில் படித்து, மலையிறங்கிப் போய், சிவில் எஞ்சினீயரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருக்கிறேன். முன்னாள் மாணவி என்ற முறையில் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நல்ல வார்த்தை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. நடந்த கதை ஒன்று தெரியும், அதைச் சொல்கிறேன்.

கதைக்கு முன்னால் உங்கள் மனத்திலே ஓடுகிற ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விழா தொடங்குமுன் ஒரு பெண் இந்த மேடைக்கு அடியில் தலையை விட்டுக் குனிந்து குனிந்து பார்த்தாளே, அவள் யார்? தோடு தொலைந்துவிட்டது என்று சிலர் நினைத்தீர்கள். கோழி புகுந்துவிட்டது என்று சிலர் நினைத்தீர்கள். மாணிக்கம்மாள் அத்தை டார்ச்சோடு உதவிக்கே போய்விட்டார்! அதோடு விட்டாளா? மேடை நடுவில் கம்பீரமாகப் போட்டிருந்த ஊராட்சித் தலைவர் நாற்காலியைத் தூக்கி ஓரத்தில் போட்டாள். தலைவரையே ஓரங்கட்டுகிறாளே, இது என்ன அரசியல் என்று பெரியவர்கள் முகம் சுளித்தீர்கள். அரசியல் ஒன்றும் இல்லை ஐயா. இந்த மேடை வகுப்பறை பெஞ்சுகளை இரண்டு பக்கமும் அடுக்கி, மேலே பலகை பரப்பிக் கட்டியது. நடுவிலே தாங்கல் இல்லை. நடுவிலே மாலையும் மரியாதையுமாகத் தலைவர்கள் கூடினால் பலகை வளையும். பெஞ்சுக்கு நேர் மேலே உட்கார்ந்தால் பத்திரம். அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பெண்ணின் பெயர் காந்தா. கணியம்பாடிப் பக்கம் ஊர். என் தோழி, என் வகுப்பு, என் விடுதி அறை. என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஆகவே எனக்குக் காந்தாக்கா. இன்றைக்கு நான் சொல்லப்போவது அவளுடைய கதைதான்.

தாய்மார்களே! எஞ்சினீயரிங் படிப்பிலே இரண்டாம் வருடம் ஒரு பாடம் வரும். அதன் பெயர் சாலிட் மெக்கானிக்ஸ். கெட்டியான பொருள்கள் சுமையைத் தாங்கும்போது உள்ளுக்குள்ளே என்ன பாடுபடுகின்றன என்று படிக்கிற பாடம். கம்பு வளைகிறதே, ஏன் வளைகிறது? கம்பி நீள்கிறதே, எவ்வளவு நீளும்? கட்டை முறிகிறதே, எந்த இடத்தில் முறியும்? எப்போது முறியும்? எவ்வளவுக்கு முறியும்? இதுதான் பாடம். பாடம் தொடங்கிய மாதத்தில் கம்பு முறியவில்லை, நாங்கள்தான் முறிந்தோம்!

எங்களுக்கு அந்தப் பாடம் எடுத்தவர் பேராசிரியை ரேணுகாதேவி. முதல் நாள் வந்தார். ஆளுக்கு ஒரு சாக்பீஸ் கொடுத்தார். "இழுத்து உடைங்க" என்றார். இழுத்தோம், நேராக உடைந்தது. இன்னொன்று கொடுத்தார். "துணி பிழியற மாதிரி முறுக்கி உடைங்க" என்றார். முறுக்கினோம். சாய்வாக, சுற்றிக்கொண்டு உடைந்தது! எத்தனை பேர் முறுக்கினாலும் அதே சாய்வு. வாயைப் பிளந்தோம். அப்புறம் ஒரு வாரத்துக்குக் கல்லூரியில் முழுசாக ஒரு சாக்பீஸ் கிடையாது. கணக்கு வாத்தியார் வருவார், துண்டுதான் கிடக்கும். வேதியியல் வாத்தியார் வருவார், தூள்தான் கிடக்கும். "யாருடா இதெல்லாம் முறுக்கிப் போட்டது?" என்று கேட்டால், வகுப்பே வெள்ளை விரல்களை டெஸ்குக்கு அடியில் ஒளித்துக்கொள்ளும்.

அந்தப் பாடம் படித்தவனுக்கு அதற்குப் பிறகு நிம்மதி கிடையாது. சோறு சாப்பிட உட்கார்ந்தால் சோறு தெரியாது, உட்கார்ந்த பெஞ்சின் வளைவு தெரியும். பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் தெரியாது, கூரைமேல் ஏற்றிய புளிமூட்டை தெரியும். துணி காயப்போட்டால் துணி தெரியாது, கொடி தொங்குகிற தொங்கல் தெரியும். எங்கள் வகுப்பில் காவலூர் ரஞ்சித் என்று ஒருவன். வானாய்வகம் இருக்கிற ஊர்க்காரன், நட்சத்திரம் பார்க்கிற குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன். அவன்கூட அந்த வருடம் தலையைக் குனிந்து நாற்காலிக் காலைப் பார்க்க ஆரம்பித்தான் என்றால் பாருங்களேன்!

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாக நாங்கள் படிக்கையிலே, ஒருத்தி மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். காந்தாக்கா.

ஏன் சிரிக்கவில்லை? அவளுக்கு அது இரண்டாவது தடவை. முந்தின வருடமே அந்தப் பாடத்தை எழுதினாள், தவறினாள். மற்றதெல்லாம் தேறினாள், இது ஒன்றிலே விழுந்தாள். எங்கள் கல்லூரி விதிப்படி இதைத் தாண்டாமல் மூன்றாம் வருடத்துக்குள் கால் வைக்க முடியாது. கூடப் படித்தவர்கள் எல்லாம் மேலே போய்விட, அவள் எங்களோடு வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவையும் உள்தேர்வுகள் இரண்டிலும் மதிப்பெண் இறங்கிவிட்டது. மீதியிருந்தது ஒரே ஒரு செய்முறைத் தேர்வு. அது போனால் பாடம் போச்சு, பாடம் போனால் அந்த வருடமும் போச்சு.

அவள் அப்பா தங்கமான மனிதர், திட்டக்கூட மாட்டார். "கஷ்டமா இருந்தா வந்துடும்மா, வூடு இருக்குது" என்றுதான் போனில் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு அவள் என்னிடம் சொன்னாள்: "யாரும் தள்ளிவுட்டு நான் இந்தப் படிப்புக்கு வர்ல பூவிழி. நானாத்தான் கேட்டு வந்தேன். இந்த வாட்டியும் போச்சுன்னா நானாத்தான் பொட்டி கட்டணும். அதான் வலிக்குது." சொன்னவள் அழவில்லை. கேட்ட நான்தான் அழுதேன்.

சரி, அந்தப் பாடத்திலே அவளை விழவைத்தது எது? ஒரு படம்! ஒரே ஒரு படம்!

ஒரு பொருள் சுமையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டுமானால், முதலில் அதைத் தனியாகப் பிரித்துத் தாளில் வரைய வேண்டும். மேலே இருந்து அழுத்துகிற ஒவ்வொரு சுமைக்கும் கீழ்நோக்கி ஓர் அம்பு. கீழே இருந்து தாங்குகிற ஒவ்வொரு தாங்கலுக்கும் மேல்நோக்கி ஓர் அம்பு. இறங்குகிற அம்பும் ஏறுகிற அம்பும் சமமாக இருந்தால் பொருள் நிற்கும். இல்லாவிட்டால் படுக்கும். இந்த ஏறுகிற அம்புக்குத் தாங்குவிசை என்று பெயர். இவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் நாங்கள் என்ன செய்வோம்? சுமையின் அம்பை எல்லாம் அழகாகப் போடுவோம். சிவப்பு மையில் போடுவோம். தாங்குகிற அம்பைப் போட மறந்துவிடுவோம்! ரேணுகாதேவி மேடம் விடைத்தாளைத் தூக்கிப் பிடித்துக் கேட்பார்: "என்ன காந்தா, உன் கம்பு அந்தரத்துல நிக்குது? மேஜிக்கா?" வகுப்பு சிரிக்கும். சிரிக்கிறவன் தாளிலும் அதே அந்தரம்தான் இருக்கும்!

அந்தச் செய்முறைத் தேர்வைக் கேளுங்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து மூங்கில் சிம்பும் சணல் கயிறும் கொண்டு ஓர் உத்திரம் கட்ட வேண்டும். அதை இரண்டு ஸ்டூல்களின் மேல் பாலம் போல வைப்பார்கள். கொக்கி மாட்டி வாளியைத் தொங்கவிட்டு மணலைக் கொட்டிக்கொண்டே போவார்கள். கொட்டுமுன் நாம் சொல்ல வேண்டும், எது முதலில் உடையும், எங்கே உடையும், ஏன் உடையும் என்று. உறுதியாகக் கட்டியதற்கு மதிப்பெண் கிடையாது. சொன்னது சொன்னபடி உடைந்தால்தான் மதிப்பெண். உடைவதற்கு மதிப்பெண் தருகிற தேர்வை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இங்கேதான் எங்களுக்குச் சிக்கல் வந்தது. காந்தாக்கா வீட்டில் பாகற்காய்ப் பந்தல் போடுகிறவர்கள். எங்கள் வீட்டில் சாமைக் கொல்லையில் காவல் பரண் கட்டுகிறவர்கள். அவள் கை பந்தல் கட்டிய கை, என் கை பரண் கட்டிய கை. இரண்டு கட்டுக்காரிகள் கூட்டுச் சேர்ந்தால் என்ன ஆகும்? "நடுவுலதான் வளையும்" என்றாள் அவள், ஒரு சுற்றுச் சுற்றினாள். "அக்கா, எதுக்கும் இன்னொரு சுத்து" என்றேன் நான். அவள் இறுக்க, நான் முறுக்க, அவள் முடிய, நான் முடிச்சுமேல் முடிச்சுப் போட, கடைசியில் நடுவிலே மூங்கிலே தெரியவில்லை, கயிறுதான் தெரிந்தது. உடைய வேண்டிய பொருளை, உடையவே கூடாது என்று கட்டிவைத்த மகராசிகள் நாங்கள்!

தேர்வு நாள் வந்தது. "நடுவுல உடையும் மேடம்" என்றாள் காந்தாக்கா. வாளியை நடுவில் மாட்டப் போனான் ரஞ்சித். மாட்ட முடியவில்லை! கட்டு அவ்வளவு தடிமன், கொக்கி பிடிக்கவில்லை. கட்டுக்கு இடது பக்கமாக, கட்டு முடிகிற இடத்தில் மாட்டினான். மணலைக் கொட்டினான். கம்பு அசையவில்லை. இன்னும் கொட்டினான். கம்பு வளைந்ததே தவிர முறியவில்லை. வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் கொட்டியதும் படார் என்று ஒரு சத்தம்!

உடைந்தது எது? கம்பா? இல்லை. கயிறா? இல்லை. இடது பக்கத்து ஸ்டூலின் கால்!

உத்திரமும் வாளியும் மணலும் கீழே, மணலுக்குள் ரஞ்சித்! ஆய்வக உதவியாளர் தசரதன் அண்ணன் ஓடிவந்தார். ரஞ்சித்தைத் தூக்குவார் என்று பார்த்தால், ஸ்டூலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "எம்மா, உங்களை இன்னாத்த உடைக்கச் சொன்னாங்க, நீங்க இன்னாத்த உடைக்கிறீங்க?" என்றார்.

சிரித்தோம் ஐயா. வயிறு வலிக்கச் சிரித்தோம். ரேணுகாதேவி மேடமும் சிரித்தார். சிரித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார்.

காந்தாக்கா முகம் வாடிவிட்டது. மேடம் அதைப் பார்த்தார். "அடுத்த வாரம் ஒரு சான்ஸ் தர்றேன். அதே கம்பு, அதே வாளி. கட்டை அவிழ்க்கக் கூடாது. ஆனா புதுசா ஒரு சொல் சொல்லு. இந்தத் தடவை சொன்னா சொன்னதுதான்" என்றார்.

அந்த ஒரு வாரம் காந்தாக்கா கணக்குப் போட்டாள் பாருங்கள்! விடுதிச் சுவரெல்லாம் அம்பு. வாளி இடது பக்கம் தள்ளி இருக்கிறது, ஆகவே இடது ஸ்டூலுக்குத்தான் சுமை அதிகம். இடது ஸ்டூலின் அம்பு பெரியது, வலது ஸ்டூலின் அம்பு சின்னது. முதல்முறையாகத் தாங்குகிற அம்பை மறக்காமல் போட்டாள். போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "பூவிழி, நம்ம கம்பு ஒடையாது. அந்த ஸ்டூலுதான் மறுபடியும் ஒடையும். அதத்தான் சொல்லப்போறேன்!"

(என்ன அம்மா? என்ன கேட்கிறாய்? சத்தமாகச் சொல். ஆ... என் அம்மா பாஞ்சாலை கேட்கிறார், "நாலு வருசமா ஸ்டூலு ஒடைக்கத்தான் போனீங்களா?" என்று. பொறு அம்மா, முழுசாகக் கேள்.)

மறுவாரம் ஆய்வகமே நிரம்பி வழிந்தது. கம்பு உடைவதைப் பார்க்க வந்த கூட்டம் இல்லை அது, ஸ்டூல் உடைவதைப் பார்க்க வந்த கூட்டம்! பலகையில் படத்தை வரைந்தாள் காந்தாக்கா. இறங்குகிற அம்பு போட்டாள், ஏறுகிற அம்புகள் போட்டாள். திரும்பி நின்று, "மொதல்ல ஒடையப்போறது கம்பு இல்ல மேடம். இடது ஸ்டூலு" என்றாள். கூட்டம் ஓவென்று கத்தியது. மூலையில் நின்ற தசரதன் அண்ணன் மட்டும் மீசைக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

ரஞ்சித் கொட்டினான். போன தடவை மணல் விழ ஆரம்பித்ததுமே கிரீச் என்று முனகியது அந்த ஸ்டூல். இந்தத் தடவை முனகவில்லை. இன்னும் கொட்டினான். சத்தமே இல்லை. எல்லார் கண்ணும் மேலே, கம்பிலே, வாளியிலே, மணலிலே. காந்தாக்கா கண் மட்டும் கீழே போனது. குனிந்தாள். முழங்கால் போட்டாள். ஸ்டூலுக்கு அடியில் தலையை விட்டாள். ஒரு நொடி. அடுத்த நொடி, "நிறுத்து ரஞ்சித்! மண்ணு கொட்டாத!" என்று ஒரு கத்துக் கத்தினாள்.

என்ன பார்த்தாள்? புதுக் கால்! ஸ்டூலுக்குப் புதுக் கால்! குறுக்கே புதுக் கட்டை, பளபளவென்று புது ஆணி! தசரதன் அண்ணன் தன் ஸ்டூல் மறுபடி உடையக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்துவைத்திருந்தார். அவர் மேல் குற்றமில்லை, உடைந்ததைச் சரிசெய்வது அவர் வேலை. ஆனால் காந்தாக்காவின் சொல்? சொன்னா சொன்னதுதான் என்றாரே மேடம்?

பின்னால் இருந்து பையன்கள் கத்தினார்கள், "வுடுக்கா, ஒடைஞ்சாலும் ஒடையும்! சும்மா இரு!" நானும் அவள் காதில், "அக்கா, பேசாம இரு, கண்டுக்காத" என்றேன். ஆமாம் ஐயா, நான்தான் சொன்னேன். எனக்கு அவள் தேறினால் போதும் என்று இருந்தது. பேசாமல் இருந்தால் ஒருவேளை அதிர்ஷ்டம் அடிக்கும். வாய் திறந்தால் தன் சொல் தப்பு என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். மூன்றாம் வருடம் போய்விடும். பெட்டி கட்ட வேண்டும்.

அவள் வாய் திறந்தாள்.

"மேடம், என் படம் தப்பு. நான் சொன்னது பழைய ஸ்டூலப் பத்தி. இது வேற காலு. தாங்குற எடம் கெட்டியாய்டுச்சு. இப்ப இது ஒடையாது. இது ஒடையாதுன்னு தெரிஞ்சிக்கினே ஒடையும்னு நான் எப்பிடி நிக்கிறது?"

மேடம் எழுந்து வந்தார். பட்டுப்புடவையோடு அவரும் தரையில் முழங்கால் போட்டு அடியில் பார்த்தார். எழுந்தார். பலகையைக் காட்டினார். "அழிச்சிட்டு வரை" என்றார்.

அழித்தாள். வரைந்தாள். "ஸ்டூலு தாங்கும். அப்ப மிச்சம் இருக்கிறது கம்புதான். ஆனா நடுவுல ஒடையாது, அங்க கட்டு இருக்குது. கொக்கி மாட்டுன எடத்துலதான் வளைக்கிற விசை ஜாஸ்தி. அங்க கட்டும் முடிஞ்சிடுது. கட்டு முடியற ஓரத்துல, கொக்கிக்கு நேரா, அடிப்பக்கம் மொதல்ல கிழியும்." சொல்லிவிட்டுச் சாக்பீஸால் கம்பின்மேல் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

கொட்டினான் ரஞ்சித். கொட்டினான். கொட்டினான். கம்பு வளைந்தது. வாளி இறங்கியது. ஸ்டூல் அசையவில்லை. தசரதன் அண்ணன் ஸ்டூலைப் பார்த்தார், மேடம் கம்பைப் பார்த்தார், நான் காந்தாக்காவைப் பார்த்தேன், அவள் அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட... சட... சடசடவென்று ஒரு கிழிசல்! அடிப்பக்கத்தில் தொடங்கி, கோட்டுக்கு மேலே ஏறி, கொக்கிக்கு நேராக, முறிந்து விழுந்தது கம்பு! வெள்ளைக் கோடு இந்தத் துண்டில் பாதி, அந்தத் துண்டில் பாதி!

எழுந்ததே ஓர் ஆரவாரம்! ஒரு பொருள் உடைந்ததற்கு அப்படிக் கைதட்டி நான் கேட்டதில்லை. ரஞ்சித் வாளியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினான். தசரதன் அண்ணன், "இன்னா ஸ்டூலு பாத்தியா? என் ஸ்டூலு!" என்று அதை முத்தமிடாத குறை. காந்தாக்கா உடைந்த இரண்டு துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு அப்போதுதான், அந்த இரண்டு வருடத்தில் முதல்முறையாக, அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

மேடம் மதிப்பெண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை. "கம்பு உடையறத எல்லாரும் பாப்பாங்க. ஸ்டூலுக்கு அடியில குனிஞ்சு பாத்தவளை நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். தேர்டு இயர்ல பாக்கலாம், காந்தா" என்றார். போதாதா? அதைவிட என்ன வேண்டும்?

அன்றிலிருந்து காந்தாக்காவுக்கு ஒரு பழக்கம். எதைக் கண்டாலும் அடியில் பார்ப்பாள். பாலத்தில் பஸ் நின்றால் இறங்கி அடியில் பார்ப்பாள். கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பதற்கு முன்னால் மணமேடைக்கு அடியில் பார்ப்பாள். கலசப்பாக்கம் சந்தையில் தக்காளிக் கடைப் பலகைக்கு அடியில் பார்த்து, கடைக்காரரிடம் வசவும் வாங்கியிருக்கிறாள். இன்றைக்கு உங்கள் மேடைக்கு அடியிலும் பார்த்தாள். கோழி இல்லை, தோடு இல்லை தாய்மார்களே. அவள் தேடியது ஏறுகிற அம்பை!

(கிரீச்சென்றதே, கேட்டீர்களா? தலைவரே, பயப்படாதீர்கள், உட்காருங்கள். அது காந்தாக்கா கணக்குப் போட்டு அனுமதித்த சத்தம்!)

என் அருமைத் தம்பி தங்கைகளே! அந்தப் பாடத்தில் நான் படித்த சூத்திரங்களில் பாதி மறந்துபோச்சு. மறக்காதது ஒன்று உண்டு. நிற்கிற பொருள் எதுவும் தானாக நிற்பதில்லை! பாலம் தானாக நிற்குமா? பந்தல் தானாக நிற்குமா? பள்ளிக்கூடம் தானாக நிற்குமா? மேடையேறி மைக்கைப் பிடித்து நிற்கிறாளே பூவிழி, இவள் தானாக நிற்கிறாளா? இறங்குகிற அம்பு எத்தனையோ, அத்தனைக்கு ஏறுகிற அம்பு எங்கேயோ இருந்தே ஆக வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், இல்லை என்று அர்த்தமா? நாம் குனியவில்லை என்று அர்த்தம்!

இன்றைக்கு நான் பேச ஆரம்பித்தபோது என்ன செய்தேன்? தலைமையேற்றவரே என்றேன். முன்னிலை வகிப்பவரே என்றேன். மேடைமேல் இருக்கிற அத்தனை பேருக்கும் அடைமொழி போட்டு வணக்கம் சொன்னேன். நீங்களும் கைதட்டினீர்கள். சிவப்பு மையில் சுமையின் அம்பை எல்லாம் அழகாகப் போட்டுவிட்டேன்! (தலைவரே, உங்களைச் சுமை என்று சொல்லவில்லை. சொன்னாலும் அன்பான சுமை!) தாங்குகிற அம்பை மறந்துவிட்டேன். காந்தாக்கா கீழே நின்று என்னை முறைக்கிறாள். ஆகவே மேடம் சொன்னதுபோல அழித்துவிட்டு வரைகிறேன். என் வணக்கத்தை மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன்!

காலையிலிருந்து தோள் வீங்க பெஞ்சு சுமந்து இந்த மேடையைக் கட்டிய பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே! கொட்டகைக்குப் பின்னால், எங்கள் பேச்சு ஒன்றுகூடக் காதில் விழாமல், இந்த நிமிடமும் எங்களுக்காகப் பொங்கல் கிண்டிக்கொண்டிருக்கும் விடுதிச் சமையல்கார செல்லம்மா அக்காவே! கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டி எங்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, பஸ் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும் ஓட்டுநர் அண்ணனே! மைக் கரகரக்கும்போதெல்லாம் வயரைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்கும் மோகன் அண்ணனே! மலையிறங்கிப் போன மகள் ஸ்டூல் உடைக்கிறாளா, படிக்கிறாளா என்று தெரியாமலே, வருகிற போனில் எல்லாம் "சாப்ட்டியா" என்று மட்டும் கேட்ட என் தாய் பாஞ்சாலையே! தன் சொல் தப்பு என்று ஊரறியச் சொல்லிவிட்டு, அதனாலேயே தேறிய என் காந்தாக்காவே! தாங்கும் பெருமக்களே! உங்களை வணங்குகிறேன்! உங்களைத்தான் முதலில் வணங்கியிருக்க வேண்டும்!

என்ன ரங்கசாமி ஐயா, கையைக் காட்டுகிறீர்கள்? புகைப்படமா? ஆமாம், எல்லா விழாவிலும் கடைசியில் அதுதானே வழக்கம். சிறப்பு விருந்தினர், தலைவர், ஆசிரியர், பரிசு வாங்கிய பிள்ளை, பிள்ளையின் சித்தப்பா, எல்லாரும் மேடைக்கு ஏறி, யார் நடுவில் நிற்பது என்று நெருக்கியடித்து, நடுவிலேயே நிற்பது! காந்தாக்கா தலையாட்டுகிறாள். கூடாதாம். பலகை தாங்காதாம்.

அதனால் தலைவரே, தங்கள் அனுமதியோடு வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். நான் முதலில் இறங்குகிறேன். தாங்களும் இறங்குங்கள். மாலையோடு இறங்குங்கள், மரியாதை குறையாது. செல்லம்மா அக்காவைக் கரண்டியை வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஓட்டுநர் அண்ணனைக் கூப்பிடுங்கள். பெஞ்சு சுமந்த பிள்ளைகள் முன்வரிசை. எங்கள் எல்லாரையும் சேர்த்துத் தாங்கினாலும் வளையாத தரை இருக்கிறது, நம் மலையின் தரை! படம் அங்கே எடுப்போம். பின்னால் மேடை காலியாகத் தெரியட்டும்.

பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. பேச இடம் தந்த தலைமையாசிரியைக்கு நன்றி. இவ்வளவு நேரம் என்னைக் கீழே போடாமல் வைத்திருந்த எட்டாம் வகுப்பு பெஞ்சுகளுக்கு என் தனி நன்றி. காந்தாக்கா, கொஞ்சம் கை கொடு, படி ஆடுகிறது, இறங்குகிறேன்.

வணக்கம்!